மதமா, துப்பாக்கியா, மனநோயா? அமெரிக்கத் துப்பாக்கிச்சூடுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஒரு பள்ளியிலோ தேவாலயத்திலோ கடையிலோ துப்பாக்கிச்சூடு என்று செய்தி வந்த அரை மணி நேரத்துக்குள் விவாதம் தொடங்கிவிடுகிறது. சுட்டவன் என்ன மதம், எந்த நாட்டுக்காரன், பைத்தியமா, அங்கே சட்டமே கிடையாதா என்று ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். மகனோ மகளோ பேரக்குழந்தையோ அங்கே இருக்கும் குடும்பங்களுக்கு இது வெறும் விவாதம் அல்ல. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை எடுத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். நான் நடுநிலை வகிக்கப்போவதில்லை. ‘ஏன் சுட்டான்’ என்ற கேள்வியில் நாம் செலவிடும் நேரத்தில் பாதியையாவது ‘அந்தத் துப்பாக்கி அவன் கைக்கு எப்படி வந்தது, யாருக்கெல்லாம் முன்பே தெரிந்திருந்தது’ என்ற கேள்விக்குத் தர வேண்டும் என்பதே என் கட்சி.

ஒருவர் ஆண்டுக்கு அறுநூறு சம்பவம் என்கிறார், இன்னொருவர் பத்துகூட இல்லை என்கிறார். எது உண்மை?

இரண்டும் உண்மைதான். கணக்கிடும் முறை வேறு. ‘கன் வயலன்ஸ் ஆர்க்கைவ்’ என்ற அமைப்பு, சுட்டவனைத் தவிர்த்து நான்கு பேருக்கோ அதற்கு மேலோ குண்டடி பட்டால், யாரும் சாகாவிட்டாலும்கூட, அதைக் கணக்கில் சேர்க்கிறது. அந்தக் கணக்கின்படி 2020 முதல் 2023 வரை ஒவ்வோர் ஆண்டும் அறுநூறைத் தாண்டியது. பொது இடத்தில், நான்கு பேரோ அதற்கு மேலோ கொல்லப்பட்ட, கும்பல் சண்டையோ கொள்ளையோ அல்லாத சம்பவங்களை மட்டும் எண்ணினால் பெரும்பாலான ஆண்டுகளில் பத்தைத் தாண்டாது.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. பெரிய எண்ணைக் காட்டிவிட்டு, சிறிய எண்ணுக்குள் வரும் சம்பவங்களின் காரணத்தைப் பேசினால் விவாதம் தடம் புரளும். தெருமுனையில் இரு கும்பல்கள் மோதிக்கொள்வதற்கான காரணம் வேறு. ஒருவன் பள்ளிக்குள் நுழைந்து முன்பின் தெரியாத குழந்தைகளைச் சுடுவதற்கான காரணம் வேறு. இங்கே நான் பேசுவது பெரும்பாலும் இரண்டாவது வகையைப் பற்றி.

மதவெறிதானே இதற்கெல்லாம் மூல காரணம்?

சிலவற்றில் ஆம். 2015 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் 14 பேரைக் கொன்ற தம்பதியும், 2016 ஜூனில் ஆர்லாண்டோ இரவு விடுதியில் 49 பேரைக் கொன்றவனும் ஐ.எஸ். அமைப்புக்கு விசுவாசம் தெரிவித்தவர்கள். இதை மழுப்புவதில் பயனில்லை.

ஆனால் பட்டியலை அங்கேயே நிறுத்திக்கொண்டால் அது நேர்மையல்ல. 2012 ஆகஸ்ட் 5, ஞாயிற்றுக்கிழமை காலை, விஸ்கான்சின் மாநிலத்தின் ஓக் க்ரீக்கில் உள்ள சீக்கியக் குருத்வாராவில் பொதுச் சமையலுக்கான வேலை நடந்துகொண்டிருந்தது. உள்ளே புகுந்து சுட்டவன் வெள்ளை இனவெறி கொண்ட முன்னாள் ராணுவத்தான். அன்று ஆறு பேர் இறந்தார்கள். படுகாயத்தோடு படுத்த படுக்கையாக இருந்த ஏழாமவர் 2020இல் இறந்தார். 2018 அக்டோபரில் பிட்ஸ்பர்க் யூத ஆலயத்தில் 11 பேர் கொல்லப்பட்டதும் யூத வெறுப்பால்தான். 2017 நவம்பரில் டெக்ஸாஸின் சதர்லாண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் ஞாயிறு வழிபாட்டின்போது சுட்டவனோ நாத்திகம் பேசியவன். ஆனால் அவனை அங்கே கொண்டுசென்றது நாத்திகமும் அல்ல. அது அவனுடைய மாமியார் செல்லும் தேவாலயம், அவன் அவருக்கு மிரட்டல் செய்திகள் அனுப்பியிருந்தான். 2006இல் பென்சில்வேனியாவின் நிக்கல் மைன்ஸில், பழைய முறையில் எளிமையாக வாழும் கிறிஸ்தவப் பிரிவான ஆமிஷ் சமூகத்தின் ஒற்றை அறைப் பள்ளிக்குள் புகுந்து ஐந்து சிறுமிகளைக் கொன்றவன், பிறந்தவுடன் இறந்துபோன தன் மகளுக்காகக் கடவுள் மீது கோபம் கொண்டிருந்ததாக எழுதிவைத்திருந்தான். 2017 அக்டோபர் 1 அன்று லாஸ் வேகாஸில் ஹோட்டல் ஜன்னலிலிருந்து இசை நிகழ்ச்சிக் கூட்டத்தை நோக்கிச் சுட்டவனுக்கு நோக்கம் என்ன என்று அந்நகரக் காவல்துறையால் கடைசிவரை சொல்ல முடியவில்லை. அதில் இறந்தவர்கள் 60 பேர்.

இவற்றையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ‘மதம்’ என்ற ஒரே சரட்டில் கோக்க முடியாது என்பது தெரியும். எனக்குத் தோன்றுவது இதுதான். மதவெறியோ இனவெறியோ, ஏற்கெனவே கொந்தளித்துக்கொண்டிருப்பவனுக்கு ஓர் எதிரியைக் காட்டிக்கொடுக்கிறது. செய்வது நியாயம்தான் என்ற தைரியத்தையும் கொடுக்கிறது. அந்த வெறுப்பை மேடையிலும் இணையத்திலும் வளர்ப்பவர்களுக்குப் பொறுப்பில்லை என்று சொல்லவே முடியாது. ஆனால் அந்த வெறுப்பு உலகம் முழுக்க இருக்கிறது. அது வாரக்கணக்கில் திட்டமிட்ட கொலையாக மாறுவது எல்லா நாட்டிலும் இதே வேகத்தில் நடப்பதில்லை.

சார்ல்ஸ்டன் சம்பவம் இந்த விவாதத்தில் அடிக்கடி வருகிறதே, ஏன்?

மதமும் துப்பாக்கியும் ஒரே அறையில் சந்தித்த இடம் அது. 2015 ஜூன் 17, புதன்கிழமை மாலை. தென் கரோலினாவில் கறுப்பின மக்களின் மிகப் பழமையான தேவாலயங்களில் ஒன்றான இமானுவேல் ஆலயத்தில் பைபிள் வகுப்பு. வெள்ளை இளைஞன் ஒருவன், வயது 21, உள்ளே வருகிறான். யாரும் அவனை யார் என்று கேட்கவில்லை. போதகர் கிளெமென்டா பிங்க்னி பக்கத்தில் இடம் கொடுத்தார்கள். அவர் அம்மாநில செனட்டராகவும் இருந்தவர். அன்றைய பாடம் மாற்கு நற்செய்தியில் வரும் விதைப்பவன் உவமை. ஏறத்தாழ ஒரு மணி நேரம் அவர்களோடு உட்கார்ந்திருந்தான். முடிவில் எல்லோரும் எழுந்து கண்மூடி ஜெபிக்கத் தொடங்கியபோது சுட்டான். ஒன்பது பேர் இறந்தார்கள்.

அவனுடைய நோக்கம் இனவெறி. அதில் ஐயமே இல்லை, அவனே சொன்னான். ஆனால் அந்தக் கைத்துப்பாக்கியை அவன் அந்த ஆண்டு ஏப்ரலில் வாங்கினான்; வாங்கியிருக்கவே கூடாது. போதைப்பொருள் வழக்கில் அவன் ஒப்புக்கொண்ட விஷயம் விற்பனையைத் தடுத்திருக்க வேண்டும். ஆனால் கூட்டாட்சிச் சட்டப்படி, வாங்குபவரின் பழைய பதிவுகளைப் பார்க்கும் பின்னணிச் சோதனை மூன்று வேலை நாட்களுக்குள் முடியாவிட்டால் கடைக்காரர் துப்பாக்கியைக் கொடுத்துவிடலாம். சோதனை முடியவில்லை. துப்பாக்கி கை மாறியது. அவன் மனத்திலிருந்த வெறுப்பை எந்த அதிகாரியாலும் அழித்திருக்க முடியாது. அந்தக் கோப்பைச் சரியாகப் பார்த்திருந்தால் விற்பனையை நிறுத்தியிருக்க முடியும்.

இரண்டு நாள் கழித்து நீதிமன்றத்தில், இறந்தவர்களின் உறவினர்கள் சிலர் அவனை நோக்கி ‘உன்னை மன்னிக்கிறேன்’ என்றார்கள். நிக்கல் மைன்ஸிலும் ஆமிஷ் மக்கள் கொலைகாரனின் குடும்பத்தைத் தேடிச்சென்று ஆறுதல் சொன்னார்கள், அவனுடைய அடக்கத்திலும் கலந்துகொண்டார்கள். மதம் காரணமா என்று கேட்பவர்கள் இந்தப் பக்கத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அந்த மன்னிப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அதே நேரத்தில், மன்னிக்க வேண்டிய நிலைக்கு அவர்களைத் தள்ளிய ஓட்டையை அடைக்க அந்த நாட்டால் முடியவில்லையே என்ற கோபமும் வருகிறது.

பள்ளிகளில் ஜெபத்தை நிறுத்தியதால்தான் இப்படி ஆகிறது என்கிறார்களே?

1962, 1963 ஆண்டுகளில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அரசுப் பள்ளி நிர்வாகமே ஜெபத்தையும் பைபிள் வாசிப்பையும் நடத்துவது அரசமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. மாணவர் தாமாக ஜெபிப்பதை அது தடுக்கவில்லை. ‘கடவுளைப் பள்ளியிலிருந்து வெளியேற்றினோம், இப்போது அனுபவிக்கிறோம்’ என்ற பேச்சு 2012இல் சாண்டி ஹூக் பள்ளிச் சம்பவத்துக்குப் பிறகு பலமாகக் கேட்டது.

இந்த வாதம் நிற்காது. மக்களில் பெரும்பாலோர் தங்களுக்கு மத ஈடுபாடு இல்லை என்று சொல்லும் ஜப்பானில் இப்படிப்பட்ட துப்பாக்கிச்சூடு மிக மிக அரிது. அமெரிக்காவுக்குள்ளேயே பார்த்தால், மத ஈடுபாடு மிக அதிகமுள்ள மாநிலங்களில் ஒன்றான மிஸிஸிப்பி துப்பாக்கி மரண விகிதத்திலும் உச்சத்தில் இருக்கிறது. மத ஈடுபாடு குறைந்த மாசசூசெட்ஸ் கடைசி வரிசையில் இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு பக்திதான் கொலைக்குக் காரணம் என்று யாராவது சொன்னால் அதுவும் தவறு. அங்கே வறுமையும் துப்பாக்கிச் சட்டங்களும் நடுவில் நிற்கின்றன. மேலும், 2023 மார்ச்சில் நாஷ்வில்லில் மூன்று குழந்தைகளும் மூன்று பெரியவர்களும் கொல்லப்பட்டது கிறிஸ்தவப் பள்ளியில். 2025 ஆகஸ்ட் 27 அன்று மினியாபொலிஸில் இரண்டு குழந்தைகள் இறந்தது கத்தோலிக்கப் பள்ளி மாணவர்கள் திருப்பலியில் உட்கார்ந்திருந்த நேரத்தில். ஜெபம் நடந்துகொண்டிருந்த இடங்கள்தான் அவை.

துப்பாக்கியா கொல்கிறது? மனிதன்தானே கொல்கிறான்?

2012 டிசம்பர் 14ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அன்று சீனாவின் ஹெனான் மாகாணத்தில் ஒருவன் கத்தியோடு ஒரு கிராமத் தொடக்கப் பள்ளியில் நுழைந்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் குத்தினான். அதே தேதியில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், நியூடவுன் என்ற சிற்றூரின் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் ஓர் இளைஞன் ரைஃபிளோடு நுழைந்தான். ஹெனானில் ஒரு குழந்தைகூட இறக்கவில்லை. நியூடவுனில் ஆறு, ஏழு வயதுக் குழந்தைகள் 20 பேரும் பெரியவர்கள் ஆறு பேரும் பள்ளிக்குள் இறந்தார்கள். ஐந்து நிமிடத்துக்குள் அந்த ரைஃபிளிலிருந்து 154 தோட்டாக்கள் பாய்ந்திருந்தன.

கத்தியால் யாரும் சாவதில்லை என்று நான் சொல்லவில்லை. 2001இல் ஜப்பானின் ஒசாகாவில் ஒருவன் கத்தியாலேயே எட்டுக் குழந்தைகளைக் கொன்றான். ஆனால் கத்தியைக் கண்டால் ஓடலாம், நாற்காலியை எறியலாம், இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து மடக்கலாம். முப்பது தோட்டா கொண்ட மேகசின், அதாவது துப்பாக்கியில் பொருத்தும் தோட்டாப் பெட்டி, அந்த வாய்ப்பைத் தருவதில்லை. 2011 ஜனவரியில் அரிசோனாவின் டூசானில் சுட்டவனை, அவன் மேகசினை மாற்ற முயன்ற அந்தச் சில வினாடிகளில்தான் அங்கிருந்த பொதுமக்கள் கீழே தள்ளி அமுக்கினார்கள். மேகசினின் அளவு என்பது வெறும் தொழில்நுட்ப விவரம் அல்ல. எத்தனை பேர் வீடு திரும்புவார்கள் என்பதே அதில் இருக்கிறது.

அமெரிக்கப் பொதுமக்களிடம் ஏறத்தாழ 39 கோடி துப்பாக்கிகள் இருப்பதாக ‘ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே’ என்ற ஆய்வு அமைப்பு 2017ஆம் ஆண்டுக்கு மதிப்பிட்டது. நூறு பேருக்கு 120. அதே மதிப்பீட்டில் இந்தியாவுக்கு நூறு பேருக்கு ஐந்து. அங்குள்ள மனிதர்கள் நம்மைவிடக் கொடியவர்கள் என்று நான் நம்பவில்லை. கோபம் வந்த கைக்கு எட்டும் தூரத்தில் அங்கே என்ன இருக்கிறது என்பதுதான் வேறுபாடு. நியூடவுன் இளைஞன் எந்தக் கடைக்கும் போகவில்லை. துப்பாக்கிகள் அவனுடைய தாயார் சட்டப்படி வாங்கியவை. அவன் முதலில் கொன்றதும் அவரைத்தான், படுக்கையிலேயே.

அப்படியென்றால் நியூடவுனில் பயன்பட்டது போன்ற ஏஆர்-15 வகை ரைஃபிளைத் தடைசெய்தால் போதுமா?

போதாது. பொது இடக் கொலைகளில் நான்கில் மூன்றுக்கு மேல் கைத்துப்பாக்கி பயன்பட்டிருக்கிறது. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் இறந்தது இரண்டு கைத்துப்பாக்கிகளால். ரைஃபிள் வரும்போது சாவு எண்ணிக்கை ஏறுகிறது, அதனால் அந்தத் தடைக்கும் பயன் உண்டு. 1994 முதல் 2004 வரை இருந்த அப்படியொரு கூட்டாட்சித் தடை காலாவதியானபோது அதைப் புதுப்பிக்காமல் விட்டது பெரும் பிழை என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரு மாடலின் பெயரைச் சுற்றியே விவாதம் நடப்பது, யாருக்கு விற்கிறோம், வீட்டில் எப்படி வைத்திருக்கிறார்கள் என்ற கேள்விகளை ஒதுக்கிவிடுகிறது.

மனநோய்தான் காரணம் என்றால் வைத்தியம்தானே வழி?

வைத்தியம் வேண்டும், அதில் இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் மனநோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்காதவர்கள். அடிபடுபவர்களாகத்தான் அவர்கள் அதிகம் இருக்கிறார்கள். அமெரிக்க நீதித்துறையின் ஆய்வு நிறுவனம் நிதி கொடுத்து, ஜில்லியன் பீட்டர்சன், ஜேம்ஸ் டென்ஸ்லி என்ற இரு பேராசிரியர்கள் 1966 முதலான பொது இடக் கொலைகளைத் தொகுத்தார்கள். மாயத்தோற்றம், மாயக்குரல் போன்ற கடுமையான மனச்சிதைவு முதன்மைக் காரணமாக இருந்தவை அவற்றில் பத்தில் ஒன்று என்ற அளவில்தான் இருந்தன. மற்றவர்களில் திரும்பத் திரும்பத் தென்பட்டவை வேறு: சிறுவயதில் பட்ட காயங்கள், சம்பவத்துக்கு முந்தைய நாட்களில் வேலையோ உறவோ முறிந்த நெருக்கடி, சாக வேண்டும் என்ற எண்ணம், திட்டத்தை முன்கூட்டியே யாரிடமாவது சொல்லிவிடுவது.

1966இல் ஆஸ்டினில் டெக்ஸாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தின் மேலிருந்து சுட்டவனைப் பாருங்கள். பல மாதம் முன்பே பல்கலைக்கழக மனநல மருத்துவரிடம் போய், அந்தக் கோபுரத்தில் ஏறி வேட்டைத் துப்பாக்கியால் ஜனங்களைச் சுட வேண்டும் என்று தோன்றுவதாகச் சொல்லியிருக்கிறான். இறந்த பிறகு தன் மூளையைச் சோதித்துப் பார்க்கும்படியும் எழுதிவைத்தான். சோதித்தபோது கட்டி ஒன்று இருந்தது. அந்தக் கட்டிதான் காரணமா என்பதில் மருத்துவர்கள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. அவன் வாய்விட்டுச் சொன்னது மட்டும் பதிவில் இருக்கிறது.

வர்ஜீனியா டெக் சம்பவத்தை இங்கே சொல்லாமல் விட முடியாது. அது நம் ஊரையும் தொட்டது. 2007 ஏப்ரல் 16 காலை, நாரிஸ் கட்டடத்தின் 206ஆம் அறையில் நீரியல் உயர்பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் பேராசிரியர் ஜி.வி. லோகநாதன். கோபிசெட்டிபாளையத்தில் பிறந்து, கான்பூர் ஐஐடியிலும் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்திலும் படித்து, கால் நூற்றாண்டாக அந்தப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். அவரும் அந்த வகுப்பின் ஒன்பது மாணவர்களும் அந்த அறையிலேயே இறந்தார்கள். சுட்ட மாணவனை 2005 டிசம்பரில் ஒரு நீதிபதி ‘தனக்குத் தானே ஆபத்து விளைவிக்கக்கூடியவன்’ என்று அறிவித்து, வெளிநோயாளியாகச் சிகிச்சை பெற உத்தரவிட்டிருந்தார். கூட்டாட்சிச் சட்டப்படி அவனுக்குத் துப்பாக்கி விற்கக் கூடாது. ஆனால் அந்த உத்தரவு பின்னணிச் சோதனைக்கான தகவல் தொகுப்புக்குப் போய்ச் சேரவில்லை. 2007 தொடக்கத்தில் அவன் இரண்டு துப்பாக்கிகளை வாங்கினான். சோதனையில் தடையொன்றும் வரவில்லை. ஒரு மாநில அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு ஒரு தாள் போகாததால் கோபிக்காரர் ஒருவர் பாடம் நடத்திக்கொண்டிருந்த அறையிலேயே இறந்தார் என்று நான் சொன்னால் அது மிகையல்ல. இதை மனநோயின் கதை என்று மட்டும் எப்படிச் சொல்வது?

வீடியோ கேமும் வன்முறைச் சினிமாவும்?

ஜப்பானிலும் தென் கொரியாவிலும் அதே விளையாட்டுகளைத்தான் இரவு பகலாக விளையாடுகிறார்கள். அங்கே பள்ளிகளில் இப்படிப் பிணங்கள் விழுவதில்லை. பிள்ளை அறைக்குள்ளேயே அடைந்து கிடப்பது தனியாகக் கவனிக்க வேண்டிய விஷயம். அதைக் கொலைக்குக் காரணமாக்குவதற்கு ஆதாரம் இல்லை.

கொலைகாரர்களின் பெயரை ஏன் எங்கேயும் எழுதவில்லை?

வேண்டுமென்றேதான். 1999 ஏப்ரல் 20 அன்று கொலராடோவின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் இரண்டு மாணவர்கள் நடத்திய கொலைக்குப் பிறகு வந்த பலர் அந்த இருவரையும் படித்து, போற்றி, அவர்களைப் போலவே உடுத்தி, அவர்களை மிஞ்ச வேண்டும் என்று எழுதிவைத்துச் சுட்டிருக்கிறார்கள். பெயரும் புகைப்படமும் அடுத்தவனுக்கு அழைப்பிதழாகின்றன.

கொலம்பைன் இன்னொரு விதத்திலும் எச்சரிக்கை. கேலிக்கு ஆளான இருவர் பழிவாங்கினார்கள் என்ற கதை முதல் சில நாட்களில் உலகம் முழுக்கப் பரவியது. உண்மையில் அவர்கள் உணவுக்கூடத்தில் பெரிய வெடிகுண்டுகளை வைத்து நூற்றுக்கணக்கானோரை, யார் எவர் என்று பாராமல் கொல்லத் திட்டமிட்டிருந்தார்கள், குண்டுகள் வெடிக்கவில்லை. ‘கடவுளை நம்புகிறாயா’ என்று கேட்கப்பட்டு, ‘ஆம்’ என்று சொன்னதால் கொல்லப்பட்ட மாணவி என்று தேவாலயங்களில் பரவிய செய்தியும் பின்னாளில் ஐயத்துக்கு உள்ளாயிற்று. அந்தக் கேள்வி கேட்கப்பட்டது உயிர் பிழைத்த வேறொரு மாணவியிடம் என்று சாட்சிகள் சொன்னார்கள். முதல் நாள் வரும் காரணங்களை நம்பி மதத்தையோ சாதியையோ இனத்தையோ திட்டும் செய்திகளை அனுப்பும் முன் இதை நினைவில் வையுங்கள்.

நல்லவர்கள் கையிலும் துப்பாக்கி இருந்தால் தடுத்துவிடலாமே?

சில இடங்களில் தடுத்திருக்கிறார்கள். 2019 டிசம்பரில் டெக்ஸாஸின் ஒய்ட் செட்டில்மென்ட் தேவாலயத்தில் ஒரு தன்னார்வலர் சில வினாடிகளில் கொலைகாரனைச் சுட்டு வீழ்த்தினார். அதற்குள் இரண்டு பேர் இறந்திருந்தார்கள். சதர்லாண்ட் ஸ்பிரிங்ஸிலும் பக்கத்து வீட்டுக்காரர் வெறுங்காலோடு தன் ரைஃபிளை எடுத்துக்கொண்டு ஓடிவந்து எதிர்த்தார். அவருடைய துணிவை நான் வணங்குகிறேன். ஆனால் அவர் வருவதற்குள் தேவாலயத்தில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயிருந்தன. அந்தக் கொலைகாரன் விமானப்படையில் இருந்தபோது மனைவியையும் சிறு குழந்தையையும் அடித்ததற்காகத் தண்டனை பெற்றவன். அந்த விவரத்தைப் பின்னணிச் சோதனைக்கான தகவல் தொகுப்புக்கு விமானப்படை அனுப்பவில்லை. இங்கேயும் அதே போகாத தாள்.

இதன் மறுபக்கம் யுவால்டி. 2022 மே 24, டெக்ஸாஸின் ராப் தொடக்கப் பள்ளி. பதினெட்டு வயது நிறைந்தவுடன் சட்டப்படி ரைஃபிள் வாங்கிய ஒருவன் நான்காம் வகுப்பு அறைகளுக்குள் இருந்தான். காவல்துறையும் பிற படையினருமாக 376 பேர் வந்து சேர்ந்தார்கள். அறைக்குள் நுழைந்து அவனை வீழ்த்த 77 நிமிடம் ஆயிற்று. உள்ளேயிருந்து குழந்தைகள் 911 என்ற அவசர எண்ணுக்கு அழைத்துக்கொண்டிருந்தார்கள். 19 குழந்தைகள், இரண்டு ஆசிரியைகள். பயிற்சியும் கவசமும் உள்ளவர்களையே அந்த ரைஃபிள் வாசலில் நிறுத்திவைத்தது என்றால், கணக்கு ஆசிரியையின் மேசையில் ஒரு கைத்துப்பாக்கியை வைத்து என்ன சாதிக்கப்போகிறோம்?

இவ்வளவு நடந்தும் சட்டத்தை ஏன் மாற்ற முடியவில்லை?

அமெரிக்க அரசமைப்பின் 1791ஆம் ஆண்டு இரண்டாம் திருத்தம் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பேசுகிறது. அது தனிமனிதனின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2008இல் உறுதிசெய்தது. 2022இல் அதை வீட்டுக்கு வெளியே எடுத்துச் செல்வதற்கும் விரித்தது. அரசியல் தடையும் உண்டு. சாண்டி ஹூக்குக்குப் பிறகு 2013 ஏப்ரலில், பின்னணிச் சோதனையை விரிவாக்கும் திருத்தத்துக்கு செனட்டில் 54 பேர் ஆதரவளித்தார்கள். 60 தேவை என்பதால் தோற்றது. இருபது குழந்தைகளின் சாவுக்கு நான்கு மாதம் கழித்து இது நடந்தது என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

யுவால்டிக்குப் பிறகு 2022 ஜூனில் ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது. 21 வயதுக்குக் குறைந்தவர்கள் வாங்கும்போது கூடுதல் சோதனை, மாநிலங்களின் நெருக்கடித் தடுப்புத் திட்டங்களுக்கு நிதி என்று சிறிய அடிகள், ஆனால் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் முதல் பெரிய அடி. மாநிலங்களில் இன்னும் வேகம் இருக்கிறது. 2018இல் பார்க்லாண்ட் பள்ளியில் 17 பேர் இறந்தபின் ஃப்ளோரிடா, துப்பாக்கிக் கட்டுப்பாட்டைப் பொதுவாக எதிர்க்கும் குடியரசுக் கட்சியின் ஆட்சியிலேயே, துப்பாக்கி வாங்கும் வயதை 21 ஆக்கியது. ஆபத்தான நிலையில் இருப்பவரிடமிருந்து நீதிமன்ற உத்தரவின் பேரில் துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுத்துவைக்கவும் வழிசெய்தது.

பிற நாடுகள் என்ன செய்தன?

1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டபின் ஆஸ்திரேலியா பெரும்பாலான அரைத்தானியங்கி ரைஃபிள்களையும் ஷாட்கன்களையும் தடைசெய்து, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவற்றைப் பணம் கொடுத்துத் திரும்ப வாங்கி அழித்தது. அதே ஆண்டு ஸ்காட்லாந்தின் டன்பிளேனில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்டபின் பிரிட்டன் கைத்துப்பாக்கிகளை ஏறக்குறைய முழுவதுமாகத் தடைசெய்தது. 2019இல் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் இறந்தபோது நியூசிலாந்து ஒரு மாதத்துக்குள் சட்டம் போட்டது. அங்கெல்லாம் கொலையே நடப்பதில்லை என்றாகிவிடவில்லை. ஆனால் அமெரிக்கா போல வாரந்தோறும் மெழுகுவத்தி ஏற்றும் நிலையில் அவர்கள் இல்லை. சுவிட்சர்லாந்தில் வீடுதோறும் துப்பாக்கி என்று சிலர் உதாரணம் காட்டுவார்கள். அங்கே வாங்க அனுமதிச் சீட்டு வேண்டும், ராணுவ ரைஃபிளை வீட்டில் வைத்திருப்பவருக்கு ராணுவத் தோட்டாவை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் வழக்கத்தை 2007இல் நிறுத்திவிட்டார்கள் என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

பலமுறை தெரிந்தே இருந்தது. மிச்சிகனில் ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளி, 2021 நவம்பர் 30. பதினைந்து வயது மாணவன் கணக்குப் பாடத் தாளில் துப்பாக்கி ஒன்றையும் குண்டடிபட்ட உடலையும் வரைந்து, ‘எண்ணங்கள் நிற்க மறுக்கின்றன, எனக்கு உதவுங்கள்’ என்று எழுதியிருந்ததை ஆசிரியை கண்டார். பெற்றோரைப் பள்ளிக்கு வரவழைத்தார்கள். சில நாள் முன்புதான் அவனுக்காகத் தந்தை கைத்துப்பாக்கி வாங்கியிருந்தார். அதைப் பற்றி அந்த அறையில் அவர்கள் வாய் திறக்கவில்லை. மகனை வீட்டுக்கு அழைத்துப் போகவும் இல்லை. பையை யாரும் திறந்து பார்க்கவில்லை. ஓரிரு மணி நேரத்தில் அவன் சுட்டான்; நான்கு மாணவர்கள் இறந்தார்கள். 2024இல் பெற்றோர் இருவருக்கும் தலா பத்து முதல் பதினைந்து ஆண்டு சிறை.

அந்தத் தாளைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். அதில் மதம் இல்லை, அரசியல் இல்லை. உதவி கேட்டு ஒரு வரி இருக்கிறது. பள்ளிகளில் சுடுபவர்கள் பெரும்பாலும் அந்தப் பள்ளியின் மாணவர்களே, துப்பாக்கி பெரும்பாலும் வீட்டிலிருந்தே வருகிறது, பெரும்பாலானோர் முன்பே யாரிடமாவது சொல்லிவிடுகிறார்கள். அப்படியானால் பூட்டிய பெட்டியும் சொன்னதைக் காதில் வாங்கும் ஒரு பெரியவரும் இருந்தால் எத்தனையோ தடுக்கப்படும்.

என் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். நாங்கள் என்ன செய்யலாம்?

முதலில் பயத்தை அளவோடு வையுங்கள். ஒரு குறிப்பிட்ட குழந்தை பள்ளியில் இப்படி இறப்பதற்கான வாய்ப்பு மிகச் சிறியது. 2023இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 46,700 பேர். அதில் பாதிக்கு மேல் தற்கொலை. கூட்டத்தின் மீது நடக்கும் துப்பாக்கிச்சூடுகளின் பங்கு நூற்றில் ஒன்று என்ற அளவில்தான். எனவே உண்மையான கவனம் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் வேண்டும்.

பேரக்குழந்தை நண்பன் வீட்டுக்கு விளையாடப் போகும்போது, ‘உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா’ என்று கேட்கச் சொல்லுங்கள். நாகரிகமில்லாத கேள்வி என்று நம்மவர்கள் தயங்குவார்கள். அங்குள்ள குழந்தை மருத்துவர்களே கேட்கச் சொல்கிறார்கள். வேர்க்கடலை ஒவ்வாமை இருப்பதைச் சொல்வது போல ஒரே மூச்சில் கேட்டுவிடலாம். பாதுகாப்புக்கு என்று நம் குடும்பத்திலேயே துப்பாக்கி வாங்கியிருந்தால், துப்பாக்கி தனியாக, தோட்டா தனியாக, இரண்டும் பூட்டிய பெட்டியில். எண்ணோ சாவியோ பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது.

பள்ளியில் கதவடைப்புப் பயிற்சி நடந்த அன்று பிள்ளை பேசாமல் இருந்தால் விட்டுவிடாதீர்கள். விளக்கை அணைத்து, மேசைக்கடியில் உட்கார்ந்து, மூச்சுச் சத்தம்கூட வராமல் இருக்கப் பழக்குகிறார்கள். ஆறு வயதுக்கு அது சிறிய விஷயமல்ல. சக மாணவன் யாராவது சுடுவேன் என்றோ சாகப்போகிறேன் என்றோ சொன்னால், அது கோள்மூட்டல் ஆகாது, உடனே பெரியவரிடம் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்கு அழுத்தமாகச் சொல்லுங்கள். பல பள்ளிகளில் பெயர் சொல்லாமல் தகவல் தரும் வசதி இருக்கிறது. அது எங்கே, எப்படி என்று பிள்ளைக்குத் தெரிகிறதா என்று கேளுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் யாருக்கு வந்தாலும், நம் வீட்டுப் பிள்ளையாகவே இருந்தாலும், அமெரிக்காவில் 988 என்ற எண்ணை அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். இரவு பகல் எந்நேரமும் ஆள் இருப்பார்கள்.